முப்பது கிலோவுக்குள் ஓர் ஊறுகாய் பாட்டில்

“…இங்கேருந்து அங்கிட்டுப் போறதுதான் எல்லா ஊரு வழக்கமும். ஊறுகாயைப் போயி அங்கிட்டிருந்து இங்கிட்டு யாராச்சும் பொட்டியில வச்சுக் கொண்டாருவாங்களாண்ணே? அதுவும் தண்ணி கொதிக்க வைக்கத் தெரியாத மனுசன் போட்ட ஊறுகாயை?”

அந்தத் தங்கச்சி இப்படிக் கேட்டபோது நான் அரிமளத்துக்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். காலை பதினோரு மணி. அவள் மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில், சிமெண்டுப் படியில், பச்சை மூடி போட்ட ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது. அதை அவள் இன்னும் தொடவில்லை. தொடுவாளா மாட்டாளா என்பதுதான் அன்றைய சங்கதி. அதைத் தெரிந்துகொள்ள அவள் புருஷன் வளைகுடாவில் போனைக் கையில் பிடித்தபடி காத்திருந்தான்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அந்தப் பாட்டில் அந்தப் படிக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் நான் பதிலாகச் சொன்னேன். அவளிடம் அவசரத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அங்கே நாங்கள் ஆறு பேர் ஓர் அறையில் இருக்கிறோம். எங்கள் அறையில் ஆளுக்குப் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். நான் திருவரங்குளம், டிரைவர். சுவரோரக் கட்டிலில் படுக்கிற ஏசி மெக்கானிக், அரிமளம். இந்தத் தங்கச்சியின் புருஷன் அவன்தான். எங்களுக்கெல்லாம் மூத்தவர், கொத்தனார், திருமயத்தார். வயதுக்கு மரியாதையாக அவருக்கு மட்டும் ஓர் ‘ஆர்’ சேர்த்திருக்கிறோம். மற்ற மூன்று பேரும் இந்தக் கதையில் ஊறுகாய் தின்றதோடு சரி.

ஊரிலிருந்து வருகிறவன் பெட்டியிலும் தின்பதற்கான சாமான்தான் இருக்கும், ஊருக்குப் போகிறவன் பெட்டியிலும் தின்பதற்கான சாமான்தான் இருக்கும். இங்கேயிருந்து போவது வத்தல், வடகம், பருப்புப் பொடி, கருவாடு, முறுக்கு, ஊறுகாய். அங்கேயிருந்து வருவது பேரீச்சம்பழம், பாதாம், பிஸ்தா, பால் பவுடர், சாக்லேட். இந்த இரண்டும் இடம் மாறி நான் பார்த்ததில்லை. “ஏரோப்ளேன்ல காரம் மேக்க போகும், இனிப்பு கெழக்க வரும்” என்பார் திருமயத்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இந்த மாதிரி யாராவது ஒன்று சொன்னால் வண்டியை ஓரம் கட்டியாவது மனதில் ஏற்றிக்கொள்வேன். எனக்குப் படிப்பு வந்த வழி அதுதான்.

அந்தத் தங்கச்சி போடும் எலுமிச்சங்காய் ஊறுகாய்க்கு எங்கள் அறையில் தனி மரியாதை. யார் லீவு முடிந்து திரும்பினாலும் அவர் பெட்டியில் அந்தப் பாட்டில் இருக்கும். பழைய காப்பித்தூள் பாட்டில், அகன்ற வாய், பச்சை மூடி. மூடியின் மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. பத்து வீட்டுப் பாட்டில்களுக்கு நடுவே தன்னுடையது தனியாகத் தெரிய வேண்டும் என்று அவள் வைத்த அடையாளம். பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்தால் கனம் குறையுமே என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

“பிளாஸ்டிக்குல போட்டா டப்பா வாசம்தாண்ணே வரும், ஊறுகாய் வாசம் வராது. ஒங்களுக்குக் கனமாத் தெரிஞ்சா ஒங்க சட்டையில ரெண்டைக் கொறைச்சுக்கங்க” என்றாள்.

குறைத்துக்கொண்டேன். அந்த ஊறுகாய்க்குச் சட்டை பெரிதில்லை.

மூன்று வாரத்தில் பாட்டில் காலியாகும். அரிமளம் அதைக் கழுவி ஜன்னல் விளிம்பில் கவிழ்த்துக் காயவைப்பான். அடுத்து ஊருக்குப் போகிறவர் பெட்டியில் அது திரும்பிப் போகும். வெறுமனே போகாது. குழம்பு வந்த கிண்ணத்தை வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் இல்லை. ஒரு பிடி சீனியாவது நாலு வெங்காயமாவது போட்டுத்தான் கொடுப்போம். வெறும் பாத்திரம் போனால், இத்தோடு நமக்குள் போதும் என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். ஆகவே பாட்டில் பாதாமோடு போகும், ஊறுகாயோடு வரும். நாலு வருடமாக இப்படித்தான். எங்கள் ஆறு பேரையும்விட அந்தப் பாட்டில்தான் அதிகமாக விமானம் ஏறியிருக்கும்.

போன வருடம் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். அரிமளம் வருவதாகச் சொல்லிப் பத்திரிகையும் அடித்தாயிற்று. லீவு தள்ளிப்போன விஷயம் அவனுக்கு மூன்று வாரத்துக்கு முன்பே தெரியும். சொல்லத் தைரியம் வரவில்லை. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று இழுத்து, விசேஷத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சொன்னான். அவன் வராததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். வெளிநாட்டுக்காரனைக் கட்டிக்கொண்டவளுக்கு வராத விசேஷங்கள் புதிதில்லை. தெரிந்தும் சொல்லாமல் வைத்திருந்ததை அவளால் தாங்க முடியவில்லை. “பந்தல் வாசல்ல நின்னு, மாப்பிள்ளை எங்கேன்னு கேட்ட அத்தனை பேருக்கும் பிளைட்டு லேட்டுன்னு பொய்யி சொன்னேன். ஒங்களால என் வாயி பொய் வாயாப் போச்சு” என்று போனில் சொன்னாளாம். அதோடு பேச்சு நின்றது. அவன் கூப்பிட்டால் எடுப்பாள், மகள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. இரண்டு மாதம் கழித்து, லீவு முடிந்து வந்த பக்கத்து அறைக்காரன் ஒருவன் பெட்டியைப் பிரித்தான். நாங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பாலிதீன் பை, அதற்குள் பழைய சேலைத்துணி, அதற்குள் பாட்டில். எல்லாம் வழக்கம்போலத்தான். துணியை விலக்கினால், பாட்டில் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை.

“நான் கேட்டேன், என்ன தாயி வெறும் பாட்டிலா இருக்குன்னு” என்றான் கொண்டுவந்தவன். “அவருக்குத் தெரியும்னுச்சு.”

திருமயத்தார்தான் முதலில் வாய் திறந்தார். “தம்பி, நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதியிருந்தாக்கூட நான் பயப்பட மாட்டேன். இதுக்குப் பயப்படணும்.”

அரிமளம் பாட்டிலை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். அன்றைக்குத்தான் எங்களிடம் நடந்ததைச் சொன்னான்.

ஒரு மாதம் அது அங்கேயே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு கிலோ எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றான். எங்கள் அறையில் அவனுக்குப் பாத்திரம் கழுவுகிற முறை மட்டும்தான். ஒரே ஒரு தடவை சோறு வடிக்கச் சொன்னோம்; கஞ்சி எது, சோறு எது என்று கடைசிவரை பிரிக்க முடியவில்லை. அப்படிப்பட்டவன் ஊறுகாய் போடப் போகிறேன் என்கிறான்.

“நான் போட்டுத் தர்றேன்டா, நீ அனுப்பிக்க” என்றேன்.

“வேணாம்ணே. ரெண்டு லீவுல அவ பக்கத்துல ஒக்காந்து பாத்திருக்கேன். பாத்ததை ஒவ்வொண்ணா நெனைச்சு நெனைச்சுப் போட்டுக்கிறேன்.”

முதல் தடவை ஈரக் கரண்டியை விட்டுக் கிளறிவிட்டான். நாலாம் நாள் மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. அத்தனையும் குப்பைக்குப் போனது. இரண்டாவது தடவை திருமயத்தார் அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னார். “ஈரம் ஆகாதுப்பா. ஒங் கண்ணுத்தண்ணியையும் சேத்துத்தான் சொல்றேன்.”

வெயிலுக்கு அங்கே பஞ்சமில்லை. மொட்டை மாடியில் ஒரு பீங்கான் கிண்ணத்தில் வெட்டிய எலுமிச்சையும் உப்பும். மேலே வெள்ளைத் துணி, மணல் விழாமல் இருக்க. வேலை பக்கத்தில் இருந்தால் மத்தியானம் ஓடி வந்து குலுக்கிவிட்டுப் போவான். பக்கத்து அறைக்காரர்கள் விடுவார்களா? “என்ன மாப்ள, கம்பெனி டியூட்டி எட்டு மணி நேரம், ஊறுகாய் டியூட்டி இருபத்துநாலு மணி நேரமா?” என்பார்கள். அவன் சிரித்துக்கொள்வான். பதினைந்து வெயில் காட்டி, மிளகாய்த்தூள், வெந்தயம், நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்து, காய்ந்த கரண்டியால் அள்ளி, அதே பாட்டிலில் நிரப்பினான். அந்த நேரம் எனக்கு லீவு வந்தது.

எங்கள் அறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரோ கொடுத்த பொட்டலத்தை நம்பி வாங்கிப் போய், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டவர்களின் கதையை நாங்கள் எல்லோருமே கேட்டிருக்கிறோம். ஆகவே யார் எது கொடுத்துவிட்டாலும், கொண்டுபோகிறவன் கண் முன்னால் பிரித்துக் காட்டி, அதில் ஒரு வாய் தின்று காட்டித்தான் கொடுக்க வேண்டும். அண்ணன் தம்பியாக இருந்தாலும் சரி. திருமயத்தாரே தன் பேத்திக்கு வாங்கின சாக்லேட்டில் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டுதான் கொடுத்தார்.

அரிமளம் ஒரு துண்டு எடுத்துத் தின்றான். கண் கலங்கியது.

“காரமா?”

“உப்புண்ணே.” மூடியைத் திருகினான். “அவ கண்டுபிடிச்சுருவா.”

பெட்டியைக் கொக்கித் தராசில் தூக்கிப் பார்த்தோம். முப்பத்தொன்றரை. முப்பதுக்கு மேல் விடமாட்டார்கள். எதை எடுப்பது என்று பேச்சு வந்தபோது திருமயத்தார் பாட்டிலை எடுத்து என் கைப்பையில் வைத்தார். “கண்ணாடி. பொட்டியில போட்டா தூக்கி எறியிறதுல ஒடஞ்சுரும். கையோட இருந்தா நம்ம புள்ள மாதிரி” என்றார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. பன்னிரண்டு வருடம் பெட்டி கட்டிய எனக்கும் சரியாகப் பட்டது. ஊறுகாயை ஊரிலிருந்து கொண்டுவரும்போதெல்லாம் பெட்டிக்குள் போடுகிற நாங்கள், திரும்பிப் போகிற ஊறுகாய் என்றதும் அந்த அறிவையே மறந்துவிட்டோம்.

மறுநாள் காலை விமானம். கவுண்டரில் என் பெட்டி முப்பது கிலோ காட்டி, பெல்ட்டில் ஏறி உள்ளே போயிற்று. கவுண்டரில் இருந்த பெண் மலையாளம் கலந்த தமிழில், கைப்பையை எடை போட வைக்கச் சொன்னார். வைத்தேன். துணி வழியாக முட்டிக்கொண்டு நின்ற பாட்டிலைக் காட்டி, “அது எந்தாணு?” என்றார்.

“ஊறுகாய்ம்மா.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஊறுகாய் நாட்டுக்குக் கொண்டு போறீங்களா? எண்ணெய் இருக்கில்லே. கையிலே விடமாட்டாங்க. செக்யூரிட்டியிலே எடுத்துருவாங்க. பெட்டியிலே போட்டிருக்கணும்.”

பெட்டி போய்விட்டது. என் முப்பது கிலோவும் முடிந்துவிட்டது. ஓரமாக வந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வரிசையில் நின்றவர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். “இங்கயே பிரிச்சு ஆளுக்கு ரெண்டு துண்டு தின்னுருவோம் பாய்” என்றார் ஒருவர். “கூட்டுற ஆளுக்குக் குடுத்துருங்க, மகராசனாச் சாப்புடுவான்” என்றார் இன்னொருவர். எல்லாம் நல்ல யோசனைதான். எனக்குத்தான் கை வரவில்லை.

அரிமளத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“பரவாயில்லைண்ணே. ஊறுகாயைக் குப்பையில போட்டுருங்க. பாட்டிலை மட்டும் கழுவிக் கொண்டு போயிருங்க.”

“வெறும் பாட்டிலையாடா?”

அவள் அனுப்பிய வெறும் பாட்டிலுக்கு இவன் அனுப்பும் வெறும் பாட்டில். அதை நான் கொண்டுபோய் அந்தப் படியில் வைக்க வேண்டும். “இரு, பாப்போம்” என்று போனை வைத்தேன். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

“தம்பி, இங்கிட்டு வாங்க.”

வரிசையில் எனக்குப் பின்னால் நாலைந்து ஆள் தள்ளி நின்ற ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் கறுப்பு அங்கி, காலில் புதுச் செருப்பு, பக்கத்தில் ஒரே ஒரு சின்னப் பெட்டி. பேசியது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

“எந்த ஊரு?”

“திருவரங்குளம் பக்கம்க்கா.”

“நமக்கு ஆவுடையார்கோவில். எனக்கும் முப்பது கிலோதான் குடுத்திருக்காங்க. பதினோரு கிலோதான் இருக்கு. மிச்சமெல்லாம் சும்மா கெடக்கு.”

எங்கள் பக்கத்து ஆள் முப்பது கிலோவில் பதினோரு கிலோவோடு ஊருக்குப் போவதை நான் கண்டதே இல்லை. கேட்டுவிட்டேன். ஒன்பது வருடம் ஒரு வீட்டில் சமையலும் பிள்ளை பார்ப்பதுமாக இருந்துவிட்டு மொத்தமாக ஊருக்குப் போகிறாராம். “கொண்டு போறதுக்கு என்ன தம்பி இருக்கு? நானே போறேன்ல, அது பத்தாதா அதுகளுக்கு?” என்றார். இதையும் மனதில் ஏற்றிக்கொண்டேன்.

நான் பாட்டிலை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

“பிரிங்க. தின்னு காட்டுங்க.”

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. எங்கள் அறைக் கட்டுப்பாடு, எங்கேயோ ஒரு வீட்டு அடுப்படியில் தனியாக ஒன்பது வருடம் இருந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. மூடியைத் திறந்து கையை விடப் போனேன்.

“அட, கையை விடாதீங்க! கெட்டுப் போகும். இந்தாங்க” என்று பையிலிருந்து காப்பிக் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் முள்கரண்டியை எடுத்துத் தந்தார். ஒரு துண்டு தின்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னொண்ணு. மேலாப்புல வேணாம், அடியிலேருந்து எடுங்க.”

அடியிலிருந்து எடுத்துத் தின்றேன். முள்கரண்டியை வாங்கித் துடைத்து, பாட்டிலின் அடிவரை குத்திக் கிளறிப் பார்த்தார். மோந்து பார்த்தார். வரிசையே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய முறை வந்ததும் கவுண்டர்ப் பெண், “சேச்சி, நீங்க பாத்துத்தானே வாங்குறீங்க?” என்று கேட்டார்.

“பாத்தேன், மோந்தேன், தின்ன வச்சேன். இன்னும் என்னம்மா பாக்கணும்?”

கவுண்டர்ப் பெண் சிரித்துவிட்டு, நாங்கள் மூடியைச் சுற்றி ஒட்டுவதற்குத் தன் டேப்பையே எடுத்துக் கொடுத்தார். பின்னால் நின்றவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஆளுக்கு இரண்டு துண்டு கேட்டவர்தான் பெட்டியைக் குனிந்து திறக்க உதவினார். அந்த அக்கா தன் கம்பளிச் சட்டைக்குள் பாட்டிலைச் சுற்றி வைத்து, “யாருக்கு இது?” என்றார். சொன்னேன். வெறும் பாட்டில் வந்ததையும் சொன்னேன்.

“ஆத்தாடி” என்றார். பெட்டியைப் பூட்டிவிட்டு, “அந்தப் புள்ள செஞ்சது சரிதான். இவன் செஞ்சதும் சரிதான்” என்றார்.

திருச்சியில் இறங்கினோம். என் பெட்டி மூன்றாவதாகவே வந்துவிட்டது. கயிறு கட்டிய பெட்டி, போர்வை கட்டிய பெட்டி, மார்க்கரில் ஊர்ப் பெயர் எழுதிய பெட்டி என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. அக்காவுடையது வரவில்லை. கூட்டம் கரைந்தது. ஒன்பது வருடம் கழித்து வந்தவர், வெளியே அவருக்காகச் சொந்தக்காரர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர் என்னைப் பார்த்து, “நீங்க போங்க தம்பி, வந்துச்சுன்னா நான் அந்தப் புள்ள வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்துர்றேன்” என்கிறார். ஆவுடையார்கோவில் எங்கே, அரிமளம் எங்கே! இந்த மாதிரி மனுஷர்களை நமக்குப் பக்கத்தில் வரிசையில் நிற்க வைப்பது யார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவருக்கு நன்றி.

கடைசிப் பெட்டிக்கு முந்தின பெட்டி அவருடையது. திறந்து பார்த்தார். பாட்டில் உடையவில்லை. மூடி ஓரமாகக் கொஞ்சம் எண்ணெய் கசிந்து கம்பளிச் சட்டையில் உள்ளங்கை அளவுக்குக் கறை. எனக்கு உடம்பே கூசியது.

“நல்லெண்ணெய்தானே” என்று சட்டையை மோந்து பார்த்தார். “ஒம்போது வருசமா இதுல ஏசி வாசம்தான் அடிச்சுச்சு. இருக்கட்டும்.”

நான் கொடுத்த பேரீச்சம்பழத்தை வாங்கவே இல்லை. அவரிடமே இரண்டு கிலோ இருந்ததாம். “அந்தப் புள்ள கையில வாங்கிக்கிட்டாளான்னு மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. எனக்கு அது தெரியணும்” என்று என் போனிலேயே தன் நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆக, அன்றைக்கு அந்த வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது, நான் போன் போட வேண்டியவர்கள் இரண்டு பேர்.

முழுவதையும் அந்தத் தங்கச்சி நின்றபடியே கேட்டாள். முதல் தடவை பூத்துப்போய்க் குப்பையில் கொட்டியதைச் சொன்னபோது, “ஈரக் கரண்டியா?” என்று மட்டும் கேட்டாள். ஏர்போர்ட்டில் நான் நின்ற கோலத்தைச் சொன்னபோது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அது சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

“அடியிலேருந்து ஒரு துண்டு எடுக்கச் சொன்னாங்களா அந்த அக்கா?”

“ஆமா தாயி.”

“வெவரமானவங்க.”

குனிந்து பாட்டிலை எடுத்தாள். மூடி மேலிருந்த சிவப்புப் பொட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தாள். எண்ணெய் பட்டும் அது அழியவில்லை. உள்ளே போய் ஒரு கரண்டி கொண்டுவந்து, அதைத் துணியால் இரண்டு தடவை துடைத்து, ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். நான் அரிமளத்தின் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

“உப்பு கூட.”

“அவனே சொன்னான்.”

“வெந்தயம் கருகிருச்சு. எண்ணெயைக் காய வைக்காம ஊத்தியிருக்காரு.” இன்னொரு துண்டு எடுத்தாள். இந்தத் தடவை மெதுவாக மென்றாள். “வெயிலு மட்டும் நல்லாக் காட்டியிருக்காரு.”

“பதினஞ்சு வெயிலு. மத்தியானச் சாப்பாட்டை விட்டுட்டு மாடிக்கு ஓடுவான்.”

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஜாடி மூடி எடுக்கிற சத்தம், கரண்டி கண்ணாடியில் படுகிற சத்தம், பிறகு குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். கையில் கழுவின பாட்டில். மறுபடியும் வெறும் பாட்டில்.

“எப்பண்ணே நீங்க திரும்பப் போறீங்க?”

“இன்னும் இருபத்தெட்டு நாளு இருக்கு.”

“அது பத்தும்” என்றாள்.

மதில்மேல் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தாள். மூடியைத் துடைத்துப் பக்கத்தில் மல்லாக்க வைத்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த கூடையை எடுத்துக்கொண்டு, போர்வெல் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற எலுமிச்சை மரத்தடிக்குப் போய், முள் குத்தாமல் கிளையை ஒதுக்கி, பழுத்ததாகப் பார்த்துப் பறிக்க ஆரம்பித்தாள்.